ஒரு குமிழிகூட வரலை

வாங்க, உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், கழத்த வேண்டாம், வீடு கூட்டி எத்தனையோ நாளாச்சு. வேம்பார்லயிருந்தா வாரீய? அந்தச் சேர்ல உக்காராதீய அண்ணே, அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி கொடுக்க ஆளில்ல, தப்பா எடுத்துக்கிடாதீய. வீட்டுக்காரி அவ தம்பி வீட்டுல இருக்கா. ஏன் இருக்கான்னு கேப்பீய. அதையும் சொல்லுதேன். எல்லாம் ஒரே கததான்.

என் மச்சினன் பெலவேந்திரனுக்கு உங்க மகளைப் பேசுதாவளாம். காதுல விழுந்துச்சு. எங்கிட்ட யாரும் சொல்லல, காதுல விழுந்துச்சு. அப்பா ஆத்தா இல்லாத பயலுக்கு அக்கா மாப்பிள்ளை நாந்தான மூத்த ஆளு? என்னையக் கேக்காம ஒரு காரியம் நடக்கலாமா? நீங்க மொறை தெரிஞ்ச மனுசன், அதான் கேக்க வந்திருக்கீய. சந்தோசம்.

அந்தக் கையப் பத்தித்தான கேக்கணும்? வலது கையில ரெண்டு விரல் இல்ல. பொண்ணைக் கொடுக்கவன் கேக்கத்தான் செய்வான். ஊருக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான். குடிச்சுட்டுப் போச்சும்பான், சண்டையில போச்சும்பான். அதெல்லாம் சுத்தப் பொய். அவன் குடிக்க மாட்டான். மாதா கோயில் பக்கம் பாத்துச் சொல்லுதேன், குடிக்க மாட்டான். விரல் போனது கடல்ல. என் கண்ணு முன்னால. அதனால உள்ளதை உள்ளபடி சொல்ல என்னைய விட்டா வேற ஆள் கெடையாது.

தடைக்காலம்னா உங்களுக்குத் தெரியும், நீங்களும் கடக்கரைக்காரவுக. விசைப்படகு பூராவும் கட்டிக் கெடக்கும். வள்ளக்காரனுக்கு அந்த ரெண்டு மாசந்தான் வருசம். மீனும் நமக்கு, விலையும் நமக்கு. அப்படிப்பட்ட நேரத்துல எஞ்சின்ல கோளாறு வந்துச்சு. வள்ளத்துக்குப் பின்னால தொங்க விடுத எஞ்சின்தான், தண்ணிக்குள்ள நிக்குமே அடிக்கால், கியர் பாக்ஸு, அதுல. ஆயில் மாத்தலாம்னு கீழ ஸ்குருவக் கழட்டுதேன், கருப்பா வர வேண்டிய ஆயில் பால் ஊத்துன காப்பி கணக்கா வருது. தண்ணி கேறிருச்சு. உப்புத்தண்ணி உள்ள போச்சுன்னா கியர் பல்லை அரிச்சுத் தின்னுரும், தெரியும்லா?

பெலவேந்திரன் பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன சொல்லுதான்? "அத்தான், இஞ்ஞாசிகிட்ட காட்டிருவோம்"ங்கான்.

இஞ்ஞாசின்னா இந்த ஊரு மெக்கானிக்கு. ஊருக்கே அவன்தான் எஞ்சின் பாக்கான். பாக்கட்டும். எனக்கு வேண்டாம். ஏன்னு கேளுங்க. ஏலக் கூடத்துல அத்தனை சனம் இருக்கையில, என்னையக் காட்டி, "கஸ்பாரண்ணனுக்கு எஞ்சினும் ஒண்ணுதான், ஆட்டுரலும் ஒண்ணுதான்"னான். பொம்பளைய பூராவும் சிரிச்சாளுவ. மீன் வாங்க வந்த வெளியூர் யாவாரி சிரிக்கான். அவன் வாசல்ல போயி நான் எஞ்சினைத் தூக்கிட்டு நிக்கவா? செத்தாலும் நிக்க மாட்டேன்.

"வீட்டுல வச்சு நாமளே பாப்போம்லே"ன்னேன். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நான் எஞ்சின் ஓட்ட ஆரம்பிக்கையில இஞ்ஞாசி மூக்கு ஒழுக நின்னவன்.

ஞாயித்துக்கிழமை கடல் கெடையாது, பூசை உண்டு. மெடில்டா, என் வீட்டுக்காரி, "பூசைக்கு வந்துட்டுப் பாருங்க"ன்னா. கர்த்தருக்கு என் கஷ்டம் தெரியும், நீ போன்னு அனுப்பிட்டேன். பின்னால முருங்கை மரத்தடியில கட்டை போட்டு அடிக்காலைக் கழட்டி நிறுத்தினேன். தண்ணியத் தள்ளுத விசிறியக் கழட்டுனா, அங்கன இருக்கு வெனை! அதுக்குப் பின்னால தண்டுல நரம்பு சுத்திக் கெடக்கு. தூண்டி நரம்பு. சுத்திச் சுத்தி இறுகி, சீலுக்குள்ள அறுத்துக்கிட்டுப் போயிருக்கு. அறுந்த நரம்பைக் கடல்ல போட்டா சவம் அது விசிறியிலதான வந்து சுத்தும்? போட்டது யாரு? முன்னால இருந்து தூண்டி போடுதவன் அவன். பின்னால எஞ்சின் பிடிக்கவன் நான். அப்போ யாரு போட்டிருப்பா?

கேட்டேன். அவன் சொல்லுதான், "நான் அறுந்த நரம்பை டப்பாலதான் போடுவேன் அத்தான், டப்பா வீட்டுல இருக்கு, பாருங்க." டப்பாவைக் காட்டுதானாம், எனக்கு! அத்தோட விட்டானா? "விசிறிய வாரத்துக்கு ஒருக்கக் கழட்டிப் பாக்கணும்னு இஞ்ஞாசி சொன்னான்லா"ங்கான். நான் பாக்கலையாம். எஞ்சினைப் பிடிக்கதும் நானு, வாரத்துக்கு ஒருக்கக் கழட்டிப் பாக்கதும் நானு, அவன் முன்னால உக்காந்து காத்து வாங்குவான். நல்லாருக்குல்லா கத?

சரி, அது கெடக்கட்டும். சீலுக்கு வாரேன். சீலுங்கது ஒரு ரப்பர் வளையம் அண்ணே. உதடு மாதிரி மெல்லிசா ஒரு ஓரம் இருக்கும். அந்த உதடு எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கமிருந்து வாரதைத் தடுக்கும். தண்டைச் சுத்தி அப்படி ரெண்டு சீலு. பழசை நெம்பி எடுத்து எறிஞ்சுட்டு, டவுன்ல வாங்கிட்டு வந்த புதுசை அடிச்சு எறக்கப் போறேன். இவன் குனிஞ்சு பாக்கான்.

"அத்தான், பழசு முதுகுக்கு முதுகு கொடுத்துல்லா இருந்துச்சு. ஒண்ணு உள்ள பாத்து, ஒண்ணு வெளிய பாத்து. கழட்டுமுன்னயே நான் போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன். பாருங்க."

படம் எடுத்திருக்கான்! நான் தப்புப் பண்ணுவேன்னு முன்கூட்டியே படம் எடுத்து வச்சிருக்கான். உங்க மருமவன் இப்படிப் பண்ணுனா உங்களுக்கு எப்படி இருக்கும்? போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுதான். தட்டி விட்டேன். உடையல, மண்ணுல விழுந்துச்சு. எடுத்துத் தொடச்சுப் பையில போட்டுக்கிட்டான். ஒரு வார்த்த பேசல. அதுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிக்காத குணம். பேசிட்டா பதிலுக்கு நாமளும் பேசலாம். பேசாம நிப்பான்.

நான் யோசிச்சுத்தான் பண்ணுனேன், மடையன் இல்ல. நமக்கு என்ன வேணும்? ஆயில் உள்ள நிக்கணும். ஆயில் எங்க இருக்கு? உள்ள இருக்கு. அப்போ ரெண்டு சீலும் உள்ள பாத்து இருந்தாத்தான ரெட்டைக் காவல்? ஒண்ணு வெளிய பாத்துக்கிட்டு என்ன செய்யும், கடலை வேடிக்கை பாக்குமா? ரெண்டையும் உள்ள பாத்தே அடிச்சு எறக்கினேன். கச்சிதமா உக்காந்துச்சு.

"அப்போ காத்தடிச்சாவது பாத்துருவோம் அத்தான்"ன்னான். சரி, அடிப்போம். சைக்கிள் பம்பு ட்யூப ஆயில் ஓட்டையில மாட்டி, அடிக்காலைத் தண்ணி டிரம்முல முக்கி, அடியடின்னு அடிச்சான். எங்கயாவது ஓட்டை இருந்தா குமிழி வரணும். தெரு பூராவும் கூடிருச்சு, பூசை முடிஞ்ச நேரம். மெடில்டாவும் முக்காட்டோட வந்து நிக்கா. நான் டிரம்முக்குள்ள குனிஞ்சு பாக்கேன், அவன் பாக்கான், எல்லாரும் பாக்காவ. ஒரு குமிழிகூட வரலை அண்ணே! ஒண்ணுகூட!

அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "எங்கலே உன் இஞ்ஞாசி? கூப்பிட்டு வாலே, வந்து குமிழிய எண்ணச் சொல்லு"ன்னு கத்துனேன். தெருவுல எல்லாரும் சிரிச்சாவ. இந்தத் தடவ என்னையப் பாத்து இல்ல, பெலவேந்திரனப் பாத்து. அவன் மூஞ்சி செவந்துபோச்சு. ஆனா பொறவு என்ன சொல்லுதான்? "காத்து உள்ளயிருந்துதான் தள்ளுது அத்தான். கடத்தண்ணி வெளியயிருந்துல்லா தள்ளும்." தோத்தவன் பேச்சு. நான் காதுல வாங்கிக்கிடல.

பொறவு ஆயில் ஊத்துனோம். கீழ ஓட்டை வழியா ஏத்துனோம், மேல ஓட்டையில வழியுத வரைக்கும். ஸ்குருவை முடுக்கினது அவன். இத நல்லாக் கேட்டுக்கிடுங்க. முடுக்கினது அவன். ஒவ்வொரு ஸ்குருவுக்கும் கசியாம இருக்கச் சின்னதா ஒரு வாசர் உண்டு. அதப் போடாம முடுக்கியிருக்கான். நான் பாக்கல, ஆனா போட்டிருக்க மாட்டான். கோவத்துல இருந்தவன் எப்படிப் போட்டிருப்பான்? தண்ணி கேறுனது அது வழியாத்தான்.

என்ன கேக்கீய? ஆயில் ஊத்துனது எப்பன்னா? காத்தடிச்சதுக்குப் பொறவுதான். அவன் வாசர் போட்டானான்னு யாரும் பாத்தாவளான்னா? இஞ்ஞாசி பின்னால கழட்டுனப்போ வாசர் இருந்துச்சுன்னான். இஞ்ஞாசி சொல்லுவான்! இல்லாத வாசரை அவனே கையில வச்சிருந்து காட்டியிருப்பான். நீங்க என்ன அண்ணே, வக்கீல் மாதிரி கேக்கீய? இருங்க, முடிச்சுருதேன்.

ஒரு வாரம் ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. நல்ல பாடு, ஊளியும் சீலாவும் வள்ளம் நெறைய. ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் அவன், "ஆயிலைக் கொஞ்சம் எறக்கிப் பாப்போமா அத்தான்"ம்பான். "போலே, பாத்துக்கிட்டே இருந்தா மீன் யாரு பிடிக்கா"ம்பேன். சீசன்ல எஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு உக்காருவானா எவனாவது?

அன்னைக்கு மேக்கயிருந்து வார கச்சான் காத்து கொஞ்சம் கூடுதல். கரை மறைஞ்சு வெகு தூரம் போயிட்டோம். திரும்புதோம். அடியில கடகடன்னு ஒரு சத்தம். அப்புறம் எஞ்சின் மட்டும் கத்துது, வள்ளம் நகரல. கியர் பல்லு போச்சு. வள்ளத்தைக் காத்து ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போவுது. நங்கூரம் போட்டோம், பிடிக்கல. பெலவேந்திரன் ஒரு வார்த்த சொல்லணுமே? "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்த? சொல்லல. நனைஞ்ச சட்டையக் கழட்டித் துடுப்புல கட்டி ஆட்டிக்கிட்டே நின்னான். சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த திட்டி மனசு ஆறியிருக்கும்.

கடைசியில ஒரு வள்ளம் வந்துச்சு. யாரு வள்ளம்? இஞ்ஞாசி தம்பி வள்ளம்! கடல்ல வேற வள்ளமே கெடைக்கலையா கர்த்தருக்கு? என் உடம்பு கூசிப்போச்சு அண்ணே. கரைக்குப் போயி இவன் என்னத்தையெல்லாம் சொல்லுவான்னு அந்த நேரமே காதுல கேக்க ஆரம்பிச்சுட்டு. கயிறு எறிஞ்சான். பெலவேந்திரன் முன்னால அணியத்துல போயி கட்டுதான். அலை தூக்கித் தூக்கி அடிக்கி. நான் பின்னால எஞ்சின்கிட்ட. "சீக்கிரம் கட்டுலே, சீக்கிரம் கட்டுலே"ன்னு கத்துதேன். எனக்கு அந்த எடத்தை விட்டுப் போயிட்டாப் போதும். கட்டிட்டான்னுதான் நெனச்சேன். கையைத் தூக்கி, "இழு"ன்னு காட்டினேன்.

இழுத்தான்.

கயிறு இறுகுனப்போ இவன் விரல் அதுக்குள்ள இருந்துச்சு. கயிறு கட்டுத கட்டையோட சேத்து வச்சு அறுத்துட்டு. கத்தல. கையை மடியில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்துட்டான். நான் ஓடிப்போயி என் தலைத்துண்டைச் சுத்துனேன். நிக்கல, ரத்தம் நிக்கவே இல்ல. வழி பூராவும் அவன் தலையை என் நெஞ்சுல சாச்சு வச்சுக்கிட்டு வந்தேன். நான் அழுதேன், உங்ககிட்ட சொல்ல என்ன வெக்கம்? மீசை முளைக்காத வயசுல என் வள்ளத்துல ஏறுன பய அண்ணே.

கை காட்டினது நான்தான். ஆனா கட்டி முடிச்சவன் "முடிஞ்சுது"ன்னு ஒரு சத்தம் கொடுக்கணுமா வேண்டாமா? கொடுக்கல. அவன் கட்டி முடிக்கலையாம், அதனால கொடுக்கலையாம். இப்படிப் பேசுனா யாரு என்ன செய்ய முடியும்?

இப்போ மெடில்டா கதைக்கு வாரேன். ஆசுபத்திரியில கையில பெரிய கட்டோட படுத்திருக்கான். மயக்கம் தெளிஞ்சு கண்ணு தெறக்கான். எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது, தண்ணி எப்படிக் கேறுச்சு, எப்படிக் கேறுச்சுன்னு. கிட்டப் போயிக் கேட்டேன்: "வாசரு போட்டியாலே?"

அவ்வளவுதான் கேட்டேன். ஒரு கேள்வி. மெடில்டா தலைமாட்டுல நின்னவ என்னைய ஒரு பார்வ பாத்தா. அவ வீட்டுக்கு வரல. ஆசுபத்திரியிலயிருந்து நேரா தம்பி வீட்டுக்குப் போயிட்டா. உடுமாத்துச் சேலை எடுக்கக்கூட அவ வரல, பக்கத்து வீட்டுப் பிள்ளைய அனுப்பினா. கேக்கக் கூடாதா அண்ணே? எஞ்சின் எனக்குள்ளது. எப்படிக் கெட்டுதுன்னு நான் கேக்கக் கூடாதா? தம்பி விரல் ரெண்டு போச்சுன்னு தாலி கட்டுன புருசனை விட்டுட்டுப் போவாளா ஒரு பொம்பள? சாமியார் சொல்லிப் பாத்தாரு. "அவுக ஒரு வார்த்த சொல்லட்டும், வாரேன்"னாளாம். என்ன வார்த்த? எந்த வார்த்த? நான் என்ன சொல்லணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.

அந்த எஞ்சினை இஞ்ஞாசி கடக்கரையில அத்தனை பேரு முன்னாலயும் பிரிச்சுப்போட்டு, "ரெண்டு சீலும் உள்ளயே பாத்துக்கிட்டு இருக்கு, கடத்தண்ணியத் தடுக்க ஒண்ணுகூட இல்ல"ன்னான். இருக்கட்டுமே! நான் அப்படித்தான போட்டேன்? நான் மறைக்கவே இல்லையே! காத்தடிச்சுப் பாத்தப்போ ஒரு குமிழிகூட வரலைங்கேன், இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் மண்டையில ஏற மாட்டேங்கு.

இப்போ பெலவேந்திரன் எங்க இருக்கான்? அதையும் விசாரிச்சிருப்பீய. இஞ்ஞாசி பட்டறையில. மூணு விரலை வச்சுக்கிட்டு எஞ்சின் பிரிக்கான், பூட்டுதான். இடது கையில ஸ்பேனர் பிடிக்கப் பழகிட்டானாம். நல்ல வேலைக்காரன்னு பேரு எடுத்துட்டானாம். போயும் போயும் அவன்கிட்ட. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம. இந்த வழியாத்தான் தெனமும் போறான் அண்ணே. வாசலுக்கு நேரா வாரப்போ கொஞ்சம் நின்னு போவான். நான் கதவுக்குப் பின்னால இருப்பேன். கூப்பிட மாட்டேன். அவன்தான முதல்ல பேசணும்? சின்னவன் அவன்தான?

இதான் அண்ணே கத. நீங்க கேட்டீய, உள்ளதைச் சொல்லிட்டேன். பய கெட்டவன் இல்ல, அவனைக் கெட்டவன்னு நான் சொல்லவே மாட்டேன். கவனம் பத்தாது. நரம்புல கவனமில்ல, வாசர்ல கவனமில்ல, கயித்துல கவனமில்ல. உங்க மகளைக் கொடுக்கதுக்கு முந்தி யோசிச்சுக்கிடுங்க. நாளைக்கு எனக்கு ஒருத்தர் இதைச் சொல்லலியேன்னு நீங்க வருத்தப்படக் கூடாதுல்லா?

என்ன, எந்திரிச்சிட்டீய?

கொடுக்கதா முடிவு பண்ணிட்டீயளா? இவ்வளவும் கேட்டுட்டா? எப்போ முடிவு பண்ணுனீய? இப்போவா? இங்க உக்காந்தா?

சரி, உங்க பொண்ணு, உங்க இஷ்டம். எனக்கென்ன. நான் தடுக்கவும் மாட்டேன், வந்து நிக்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவன் வீட்டுக்குப் போயிட்டுத்தான வாரீய? விரல் போனதை அவன் எப்படிச் சொன்னான்? என்னையப் பத்தி என்னெல்லாம் சொன்னான்? மறைக்காமச் சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்.

என்னது?

அத்தான் மேல ஒரு குத்தமும் இல்லன்னானா? நாந்தான் கவனமில்லாமக் கையை உள்ள வச்சுட்டேன்னானா? எஞ்சினைப் பத்தி? சீலைப் பத்தி? ஒரு வார்த்தகூடச் சொல்லலையா? அந்தப் படத்தைக் காட்டலையா? அத்தான்கிட்டக் கேட்டுட்டு வாங்க, அவுக சொல்லுதபடி செய்வோம்னு அவன்தான் உங்கள அனுப்பினானா?

பாத்தீயளா அண்ணே! பாத்தீயளா! நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனதை அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இதைத்தான நான் இத்தனை நாளாச் சொல்லுதேன்! தன் கவனக்குறைவுன்னு அவனே சொல்லிட்டான். இனி இஞ்ஞாசி வாய எங்க கொண்டு வைப்பான்?

நில்லுங்க, நில்லுங்க. அவன் இதைச் சொல்லும்போது மெடில்டா அங்கனதான் இருந்தாளா? அவ காது கேக்கவா சொன்னான்? நல்லது. ரொம்ப நல்லது. அவ என்ன சொன்னா?

அடுப்படிக்குள்ள போயிட்டாளா?

அழுதாளா?

எதுக்கு அண்ணே அழுதா? அவன் உள்ளதைத்தான சொன்னான்?